செவ்வாய்க்கிழமை நான் கூப்பிடவில்லை

பொழிச்சலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தின் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. தெரியாத லிங்கைத் தொடாதீர்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், ஏமாந்துவிட்டால் உடனே புகார் கொடுங்கள். அதை டைப் அடித்ததும் நான்தான், பசை தடவி ஒட்டியதும் நான்தான். பீஸ் கட்ட வரும் பெற்றோர்களை நிறுத்தி வைத்து அதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன். இப்போது அதைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன்.

என் மகளுக்குத் தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அதனால் படப்பையில் இருக்கும் என் அண்ணனும் அண்ணியும்தான் பெற்றவர்கள் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அவர்களை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை. அண்ணனுக்குக் கடைத்தெருவில் சிமென்ட், கம்பி வியாபாரம். சாலைக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு வந்த பணத்தைத் தொடாமல் பேங்கில் போட்டு வைத்திருந்தார். "பாப்பாவுக்கு நான் செய்யிற மாமன் சீரப் பாத்து மாப்ள வூட்டுக்காரங்க வாயப் பொளக்கணும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்வீட்டு அக்காவின் நம்பரிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் 'திருமண அழைப்பிதழ்' என்று ஒன்று வந்தது. அவர் பையனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று தொட்டேன். பத்திரிகையைப் பார்க்காமல் யாராவது விடுவார்களா? ஏதோ ஒரு அனுமதி கேட்டது, சரி என்றேன். இன்னொன்று கேட்டது, அதற்கும் சரி என்றேன். பத்திரிகை மட்டும் திறக்கவில்லை. போன்தான் பழசாகிவிட்டது என்று அதைத் திட்டிவிட்டுக் குழம்பு வைக்கப் போனேன்.

குழம்பு கொதிப்பதற்குள் அதே 'அழைப்பிதழ்' என் நம்பரிலிருந்து எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் போயிருந்தது. எதிர்வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து, "தொறந்துடாதம்மா, நான் அனுப்பல, என் போனுக்குள்ள எவனோ பூந்துட்டான்" என்றார். என் மகள் போனைப் பிடுங்கி அந்தச் சனியனை அழித்தாள், பேங்குக்குச் சொல்லிக் கணக்கை முடக்கினாள். என் பணம் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. மாதக் கடைசியில் என் கணக்கைப் பார்த்துத் திருடனே பரிதாபப்பட்டிருப்பான்.

உடனே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எச்சரித்தேன். முதல் கால் அண்ணனுக்கு. கட் செய்தார். மறுபடி அடித்தேன், மறுபடி கட். அண்ணிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் கல்யாணப் பத்திரிகை முதலில் குலதெய்வத்துக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. அதுவும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, நேரில் போய், கிழக்குப் பார்த்து நிற்க வைத்துக் கொடுக்க வேண்டும். அதை நான் ஊரோடு ஊராகப் போனில் தட்டிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

கோபம்தான், ஆனாலும் பத்திரிகையைத் திறந்து பார்க்க முயன்றிருக்கிறார். தன் பெயரை எந்த இடத்தில் போட்டிருக்கிறேன் என்று தெரிய வேண்டுமே. கேட்டதற்கெல்லாம் சரி என்று அமுக்கியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வரை அவருக்கு அடித்தேன். 'அது பத்திரிகை இல்லை, தொடாதீங்க' என்று எழுதி அனுப்பினேன், பேசியும் அனுப்பினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து அடித்தேன். எல்லாமே கட். அப்போதுதான் எனக்கும் ஏறியது. விதவை வீட்டுக் கல்யாணம் என்றால் இப்படித்தான் ஆட்டிவைப்பார்களா? "நான் வேணா மாமாகிட்ட பேசறேம்மா" என்றாள் மகள். "ஒண்ணும் வேணாம், நம்மள மதிக்காதவங்ககிட்ட நீ எதுக்குக் கெஞ்சற" என்று தடுத்தவள் நான்தான். பம்மலில் ஷேர் ஆட்டோ ஏறி, தாம்பரத்தில் பஸ் மாறினால் படப்பை. நான் போகவில்லை. அனுப்பியதைப் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் எதையுமே பார்த்திருக்கவில்லை. புதன்கிழமை கம்பி லோடுக்குப் பணம் அனுப்பப் போனபோதுதான் கணக்கில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது.

அண்ணன் கொடுத்த புகாரில் சைபர் கிரைம் போலீஸ் என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். அண்ணனும் அண்ணியும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. அண்ணனின் போனிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தாள் தாளாக அச்சடித்து வைத்திருந்தார். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குத் தொட்டார், எந்தெந்தக் கணக்கு வழியாகப் பணம் ஓடியது, எல்லாம் அதில் இருந்தது. எங்கள் வீட்டு மனுஷர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்து வைத்திருப்பதைவிட அந்தத் தாளுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

"எல்லாம் இவ நம்பர்லேர்ந்து வந்துதுதான் மேடம்" என்றார் அண்ணன், என் பக்கம் பார்க்காமலே.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உசாரா இருந்திருப்போம்" என்றார் அண்ணி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஒரு வார்த்தையா? மேடம், நான் எத்தினி வாட்டி கூப்பிட்டேன்னு அதுல இருக்கும். கொஞ்சம் படிங்க."

"அது கேஸுக்குத் தேவையில்லம்மா. வந்த காலையெல்லாம் எடுக்கலன்னு எழுதிக்கிட்டோம்."

"எனக்குத் தேவை மேடம். இவங்க ரெண்டு பேர் காதுலயும் விழணும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினார். "ஞாயித்துக்கிழமை பதிமூணு கால். எல்லாம் கட் பண்ணியிருக்காரு. திங்கக்கிழமை நாலு. அதுவும் கட்." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். கட் செய்தது அண்ணிக்கே தெரியாது போலிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது மனுஷர், கடைத்தெருவே அண்ணா அண்ணா என்று கும்பிடும் ஆள், கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "பணம் எப்போ போச்சி மேடம்?"

"திங்கக்கிழமை சும்மா கொஞ்சமா எடுத்துப் பாத்திருக்காங்க. மொத்தமா எடுத்தது செவ்வாக்கிழமை மத்தியானம்."

"செவ்வாக்கிழமை இவ எத்தினி கால் பண்ணியிருக்கா?"

எஸ்.ஐ. தாளைப் பார்க்கவேயில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அதனால்தான் படிக்கத் தயங்கியிருக்கிறார். "ஒண்ணுகூட இல்லீங்க" என்றார்.

அண்ணன் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "செவ்வாக்கிழம ஏன் கூப்புடல?"

எஸ்.ஐ. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

போலீஸைக் குறை சொல்லவே முடியாது. ஏடிஎம் கேமராவில் பணம் எடுத்தவனின் முகம், அவன் வண்டி நம்பர், அவன் போன் எந்த டவரில் இருந்தது என்று பிடித்துக்கொண்டே போய்ப் பத்து நாளில் ஆளை அமுக்கிவிட்டார்கள். பணம் போய்ச் சேர்ந்த கடைசிக் கணக்கில் அவர்கள் முடக்கி வைத்திருந்த பாதிப் பணம் மார்கழியில் கோர்ட் மூலமாக அண்ணனுக்குத் திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான். 'செவ்வாய்க்கிழமை காலையில் புகார் வந்திருந்தால் முழுசையும் நிறுத்தியிருக்கலாம்' என்று எஸ்.ஐ. சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. எந்த ஊர்த் திருடனையோ தேடிக் கண்டுபிடிக்க மிஷின் இருக்கிறது. அண்ணன் தங்கச்சி வீம்பைக் கண்டுபிடித்ததும் அதே மிஷின்தான். பிடித்துக் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது.

தை பிறப்பதற்கு முன் பத்திரிகையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போனேன். அண்ணன் பெயரை எல்லாருக்கும் மேலே, பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அவர் கடைக்குப் போய்விட்டதாக அண்ணி சொன்னார். செருப்பு வாசலில்தான் கிடந்தது. அண்ணி தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், தட்டை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், தாரை வார்ப்பது யார் என்று. மூன்றாம் தடவை கேட்டபோது எதிர்வீட்டு அக்காவும் அவர் கணவரும் மேடையேறினார்கள். என் மகள் அவர்கள் கையில் தன் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தாலி கட்டி முடித்து அட்சதை போட்டுக்கொண்டிருக்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அண்ணன் நம்பர். என் கணக்கில் பணம் ஏறியிருந்தது. திரும்பி வந்த பாதிப் பணம், ஒரு ரூபாய் குறையாமல், மொய்க்கு வைக்கிற ஒற்றை ரூபாயும் சேர்த்து. ஏதாவது மோசடியாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் பார்த்தேன். கீழே அவர் எழுதியிருந்ததைப் பார்த்ததும் மோசடி இல்லை என்று தெரிந்துவிட்டது.

'பாப்பாவுக்கு மாமன் சீர். போன்ல கூப்ட்ட, போன்லயே செஞ்சிட்டேன்.'