ரிலீஃப் லேடி வந்த மதியம்

அப்பாவுக்கு வேலை போன ஆறாவது மாதம், ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டை விட்டுவிட்டு அரைமணி நேரத் தொலைவிலிருந்த ஒரு சின்ன ஊருக்கு வாடகைக்குப் போனோம். எனக்கு அப்போது எட்டு வயது. அமெரிக்கா முழுக்க வேலைகள் கொத்துக்கொத்தாகப் போய்க்கொண்டிருந்த சமயம். அப்பாவின் மருந்துக் கம்பெனியில் ஒரு மாடியையே ஒரே வெள்ளிக்கிழமையில் காலி செய்திருந்தார்கள். நல்லவேளை, கிரீன் கார்டு வந்துவிட்டது என்று அம்மா தினமும் சாமி படத்தின் முன்னால் நின்று சொல்வாள். எங்களுக்குச் சொல்கிறாளா, சாமிக்கு ஞாபகப்படுத்துகிறாளா என்று தெரியாது.

புது ஊரில் வீடுகளெல்லாம் அச்சில் வார்த்தாற்போல இருந்தன. சரிவான கூரை கிடையாது. தட்டையான மொட்டை மாடி, கான்கிரீட் சுவர், வாசலுக்கு இடப்பக்கம் ஒரு பெரிய ஜன்னல். "ஊரா இது? ரேஷன் குடோன் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. வாடகை குறைவு என்பதால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஒரே ஒரு கட்டளை இருந்தது. "எந்த ஆன்ட்டி கேட்டாலும், அப்பா வொர்க் ஃப்ரம் ஹோம் பண்றார்னுதான் சொல்லணும். புரிஞ்சுதா?" புரிந்தது. பிறந்தநாள் விழாக்களில் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு, வந்து கேட்ட ஆன்ட்டிகளிடமெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சவரம் செய்துகொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போடுவார். ஒரு பெண் கேள்வி கேட்பாள். இந்த வாரம் வேலை செய்தீர்களா? வேலை கிடைத்தால் செய்யத் தயாரா? வேலை தேடினீர்களா? வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவி தொடர, வாரம் தவறாமல் பதில் சொல்லியாக வேண்டும். அப்பா ஒன்றையோ இரண்டையோ அழுத்துவார். அழுத்தினால் போதும், ஆனாலும் "எஸ்", "நோ" என்று வாயாலும் சொல்லுவார். அது இயந்திரக் குரல் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் அதே கேள்விகளை, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், அதே குரலில் கேட்கும் அந்தப் பெண்ணுக்குப் பயந்து நான் சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பனிக்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள், தரையில் கிடந்த பனியெல்லாம் உருகி மூடுபனியாக எழுந்து ஊரையே விழுங்கியிருந்தது. ஸ்கூல் பஸ் என்னை இறக்கிவிட்டபோது கை நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அம்மா இந்தியன் ஸ்டோரில் பகல் வேலைக்குப் போயிருந்தாள். அப்பாதான் வந்து நின்றிருக்க வேண்டும், வரவில்லை. ஆறாவது வீடு எங்களுடையது. எண்ணிக்கொண்டே நடந்தேன். கதவைத் தள்ளினேன், திறந்தது.

அதே நடை, அதே சமையலறை, அதே ஜன்னல். எங்கள் சோபா இல்லை. சாமி படம் இல்லை. நீளமாக ஒரு பழைய மேஜை மட்டும் கிடந்தது. வீடு மாறி வந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் தெருவில் ஒரு வீட்டை பேங்க் எடுத்துக்கொண்டபோது, ஆட்கள் வந்து கட்டில், மேஜையெல்லாம் புல்வெளியில் தூக்கி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் முறை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புத்தகப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பா அம்மாவை எங்கே தூக்கி வைத்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

உள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தார். என்னைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. அதுதான் இன்றைக்கும் என் முதுகைச் சில்லிட வைக்கிறது.

"இவ்வளவு நேரமா? கையைக் கழுவு" என்றார் ஆங்கிலத்தில். கழுவினேன். ஒரு தகர டப்பாவை என் முன்னால் வைத்தார். அது நிறையப் பொத்தான்கள். பிறகு குனிந்து, என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"அப்பாவுக்கு வேலை கிடைத்ததா?"

எத்தனையோ ஆன்ட்டிகளிடம் ஒப்பித்த பதில் அன்று வாயில் வரவில்லை. "நோ" என்றேன்.

அவர் தலையாட்டினார், தெரிந்த விஷயம்தான் என்பதைப்போல. "அந்த லேடி வருகிறாள். ரிலீஃப் ஆபீஸ் லேடி. உன்னைப் பார்த்தால் எழுதிக்கொண்டு போய்விடுவாள். வா."

யார் அந்த லேடி என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வந்தவள் இப்போது நேரிலேயே வருகிறாள். கிழவி என்னைக் கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் உட்கார வைத்து, டப்பாவை மடியில் கொடுத்தார். "சத்தம் வரக் கூடாது" என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே அந்துருண்டை வாசனை. மூச்சு விட்டால்கூடப் பொத்தான்கள் நகர்ந்தன. டப்பாவை வயிற்றோடு இறுக்கிக்கொண்டேன்.

வாசல் மணி அடித்தது.

"எக்ஸ்கியூஸ் மீ மேடம், ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தீர்களா? பிங்க் ஜாக்கெட் போட்டிருப்பாள்."

அப்பாவின் குரல்!

"இங்கே யாருமில்லை" என்றார் கிழவி. "சம்பாதிக்கிறவர்கள் யாருமே இந்த வீட்டில் இல்லை."

நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வாராவாரம் கேட்டுக் கேட்டு அந்த லேடி அப்பாவின் குரலைக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று என் எட்டு வயது புத்தி முடிவு கட்டியது. கொஞ்ச நேரத்தில் வெளியே, "பாப்பா! பாப்பா! எங்கம்மா இருக்கே?" என்று தமிழில் கூப்பிடுவது கேட்டது. அவளுக்குத் தமிழும் வந்துவிட்டது! மூடுபனிக்குள் அந்தக் குரல் ஒருமுறை இடப்பக்கம் கேட்டது, ஒருமுறை பின்பக்கம், பிறகு வெகு தூரத்தில். கடைசியில் அது உடைந்து அழுதது. லேடிகள் அழுவார்களா என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது. ஆனாலும் பொத்தான்களை விடவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. அலமாரியைத் திறந்தவர் கிழவியின் மகன். பால் வாங்கப் போயிருந்தவர், மேஜைமேல் என் பையைப் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டதும் "ஓ மை காட்" என்று வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்துக் கத்தினார். அப்பா வந்தார். காலில் ஷூ இல்லை, நனைந்த சாக்ஸ் மட்டும். மேலே இஸ்திரி போட்ட சட்டையும் டையும். என்னைத் தூக்கியவர் வெகுநேரம் இறக்கவே இல்லை.

மகன் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். தன் அம்மாவுக்கு நினைவு பிசகிவிட்டது என்றார். அவர் சிறுமியாக இருந்தபோது, 1930களில், நாடே வேலையில்லாமல் கிடந்ததாம். நியூயார்க்கில், ரிலீஃப் என்று அரசாங்கம் தந்த உதவிப் பணம் வாங்கும் வீடுகளுக்கு ஒரு பெண் சோதனை போட வருவாளாம். வீட்டில் யாராவது சம்பாதித்தால் உதவி நின்றுவிடும். பொத்தான் தைத்துக் காசு பார்த்த அக்காவை அலமாரிக்குள் ஒளித்துவைப்பார்களாம். பிறகுதான் அரசாங்கம் தையல்காரர்களுக்கென்று இந்த ஊரைக் கட்டிக் குடிவைத்ததாம். அந்த அக்கா இங்கே வந்து சேரவில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை.

"அந்த லேடி போய்விட்டாளா?" என்று கிழவி அப்பாவைக் கேட்டார்.

"போய்விட்டாள், மேடம். ஒன்றும் எழுதவில்லை" என்றார் அப்பா.

காப்பி வந்தது. அப்பா மேஜையில் உட்கார்ந்தார். பிறகு, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம், யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்துவிட்டார். வேலை போனது, அனுப்பிய விண்ணப்பங்கள், இந்தியாவில் இருப்பவர்களிடம் இன்னும் சொல்லாதது, அன்றைக்கு போனில் நடந்த இன்டர்வியூவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தது, எல்லாவற்றையும் சொன்னார். கிழவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் மட்டும் கேக்கை விழுங்கிக்கொண்டு பொய் சொல்ல வேண்டும். இவர் ஒரு காப்பிக்கு எல்லாவற்றையும் கொட்டுகிறார்!

வெளியே வந்ததும், "நான் இங்க பேசினதை அம்மாகிட்ட சொல்லாதே பாப்பா" என்றார் அப்பா. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஈர சாக்ஸோடு, எதையோ இறக்கிவைத்துவிட்டவரைப்போல மெல்லச் சீட்டியடித்தபடி நடந்தார். அவர் சீட்டியடித்து நான் அதுவரை கேட்டதில்லை. நான் திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷம் என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.