பிரவுண் பேப்பருக்குப் பின்னால்

1. குளிராத பெண்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோ நகர மையத்தில் இருந்த ஒரு பெரிய துணிக்கடையின் டிஸ்பிளே செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே, உடுப்பு மாட்டிக் காட்டும் ஆளுயரப் பொம்மை ஒன்றை அம்மணமாகத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நடக்கச் சொன்னார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. என் குளிர்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்திக்கொண்டு போனேன்.

சூப்பர்வைசர் சிவம் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளை, அவளுக்குக் குளிராது. கோட்டை நீர் போடும்."

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. பொம்மைக்கு உடுப்பு மாற்றும்போது வின்டோ கண்ணாடியில் உள்ளிருந்து பிரவுண் பேப்பர் ஒட்டவேண்டும். தெருவில் போகிறவர்கள் உடுப்பில்லாத பிளாஸ்டிக்கைப் பார்த்துவிடக் கூடாதாம். பேப்பரைக் கழற்றினால் என்ன தெரியும்? உள்ளாடையோடு இரண்டு பொம்மைகள். அவற்றுக்குப் பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்த சென்ட் விளம்பரம், ஆணும் பெண்ணும் பிறந்த மேனியாக, ஆளுயரத்தில். அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விட்டதில்லை. இந்த நியாயத்தைச் சொல்லிச் சொல்லி நானும் அண்ணையும் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்போம். நல்ல காலம் அது.

2. விலைச்சீட்டு

ஒரு வருடம் கடை தன் வின்டோ ஒன்றைக் கலைஞர்களுக்குக் கொடுத்தது. ஹெதர் என்ற சிற்பி வந்தாள். கடைப் பொம்மைகளுக்கு எல்லாம் தட்டை வயிறு, பிள்ளை பெற்ற வயிற்றோடு ஒரு பொம்மை செய்யப்போவதாகச் சொன்னாள். அச்சு எடுக்க உண்மையான வயிறு ஒன்று வேண்டும் என்று என்னைக் கேட்டாள். இரண்டு பிள்ளைகளையும் சிசேரியன் செய்து எடுத்த வயிறு என்னுடையது. ஏன் ஓம் என்றேனோ தெரியாது. ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். எங்கள் சனம் நிறைந்த சென் ஜேம்ஸ் ரவுணில், நாங்கள் இருந்த மாடிக்கட்டடத்துக்குக் கதை எட்டினால் நான் தலைகாட்ட முடியாது.

வின்டோ திறந்த அன்றே முறைப்பாடு வந்தது. சரிந்த வயிறு, குறுக்கே தழும்பு, தொப்புளில் ஒரு விலைச்சீட்டு. அவ்வளவுதான். சிவம் அண்ணை பேப்பர் ரோலோடு வந்தார்.

"மனேஜர் துள்ளுறார். அருவருப்பா இருக்காம். உடன மூடட்டாம். வாரும், ஒட்டுவம்."

"பக்கத்து வின்டோ சென்ட் விளம்பரத்தையும் மூடுறதோ அண்ணை?"

"அது சாமான் விக்குது, பிள்ளை. உந்த வயித்தை ஆர் பாப்பினம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, உது என்ர வயிறு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோலைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார்.

"நீர் போய்த் தேத்தண்ணி குடியும். நான் ஒட்டுறன்."

அண்ணை பேப்பர் ஒட்டினால் ஊசி நுழைய இடம் இருக்காது. ஆனால் அன்று வேலை முடிந்து ஸ்ட்ரீட்கார் பிடிக்கப் போகையில் பார்க்கிறேன், வின்டோ முன்னால் சனம். இரண்டு பேப்பர் சேரும் இடத்தில், கண் உயரத்தில், ஒரு விரல் அகல இடைவெளி. ஒருவர் பின் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த ஒரு பெண் நெடுநேரம் பார்த்தாள், சிரிக்கவில்லை. அந்த இடைவெளி பற்றி அண்ணை கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் முறை வந்தது. குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டியே உடுப்பு மாற்றிப் பழகியவள் நான். நல்ல வெளிச்சத்தில் என் வயிற்றை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். கோட்டைக் கழற்றிப் போர்த்தவேண்டும் என்று தோன்றவில்லை.