பூமியை எடுத்துவிட்டுத் தேடிய வால்நட்சத்திரம்

பூமியை எடுத்துவிட்டு வால்நட்சத்திரம் தேடிய மடையன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் மறைத்தாலும் என் மனைவி மகேஸ் உங்களிடம் சொல்லாமல் விடமாட்டாள்.

இன்று காலை, புதிதாக ஒரு வால்நட்சத்திரம் வருவதாகக் கைபேசியில் செய்தி. படத்தைத் திறந்ததும் என் மூக்கில் ரப்பர் பால் வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடு. கீபோர்டிலிருந்து என் இடியப்பப் பொட்டலம் வரை எல்லாவற்றிலும் அதே வாசனை. வானமும் எனக்கு அந்த வாசனையோடுதான் அறிமுகம்.

ஆபீஸ் கணினியில், வானத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்றை ஏற்றி வைத்திருந்தேன். அப்போது ஒரு வினோத வால்நட்சத்திரம் வந்துகொண்டிருந்தது. பச்சை நிறம், முன்னால் ஒரு வால், பின்னால் ஒரு வால், கிரகங்கள் போகும் திசைக்கு நேர் எதிராகப் பயணம். என்னைப் போல.

மகேஸ் அப்போது பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சின்னையா கங்காணி, "அவன் வாயத் தொறந்தாலே புளுகு" என்று சொல்லி, ருவான்வெல்லையில் ஒரு கடைக்கார மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். மகேஸ்தான் வழி சொன்னாள்.

"அந்த ரெண்டு வாலு நச்சத்திரத்த அப்பாவுக்குக் காட்டுங்க. காட்டிட்டா, கடைக்காரர் வேணாம்னு நானே சொல்லிர்றேன்."

"காட்டலன்னா?"

"கடைக்கு வாங்க. சீனி கொஞ்சம் கூடப் போட்டுத் தரச் சொல்றேன்."

மென்பொருளைத் திறந்தால் கீழ்ப்பாதி முழுக்கத் தரையும் மரங்களும். எரிச்சல் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு வானம் என்பது கிளைகளுக்கு நடுவே தெரியும் துண்டுகள். வெளியில்தான் மரம் மறைக்கிறது, பெட்டிக்குள்ளும் மரமா? ஒரு பொத்தானைத் தட்டினேன். மரம் போயிற்று, கூடவே தரையும். அன்று மாலை ஏழு மணிக்கு வால்நட்சத்திரம் கிழக்கே பளிச்சென்று தெரியும் என்று காட்டியது.

அன்றே தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையிடம் கெஞ்சி பைனாகுலர் வாங்கி, அப்பாவையும் மகளையும் தண்ணீர் டாங்கி மேட்டுக்கு அழைத்துப் போனேன். கங்காணி கழுத்து வலிக்கப் பார்த்தார்.

"என்னா தம்பி, ஒங்க நச்சத்திரமும் ஒங்கள மாதிரிதான். வரேன்னு சொல்லும், வராது."

மறுநாள்தான் புரிந்தது. தரைக்குக் கீழே, பூமியின் மறுபக்கத்தில் இருந்ததை மாமனாராகப் போகிறவருக்குக் காட்டப் பார்த்திருக்கிறேன்.

விடுவேனா? பூமியைத் திரும்பப் போட்டேன். ஆபீஸ் மூடுமுன் தினமும் பார்த்தேன். நாளுக்கு நாள் அது முன்னதாக உதித்துக்கொண்டிருந்தது. மாசி மாதம், ரப்பர் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. வருஷத்தில் அப்போது மட்டும்தான் எங்களுக்கு முழு வானம். தளிர் விட்டு மூடுவதற்குள் அது மாலையிலேயே மேலே வந்தாக வேண்டும். கிளைநுனிகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. நான் மாலைதோறும் கங்காணி வாசலில் போய் நின்றேன்.

"பிஸ்ஸு புடிச்சிருக்கா இவனுக்கு?" என்று ஒரு மாலை மகளிடம் கேட்டார். மகள் பைனாகுலரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அன்று அது மாலையிலேயே கிழக்கே ஏறியிருந்தது. மேட்டில் வெகுநேரம் பார்த்தார். "வாலு எங்க?"

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, மாமா."

"எனக்கு ஒரு பஞ்சுதான் தெரியுது." பைனாகுலரை இறக்கவில்லை. "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "பஞ்சாவது காட்டுனியே."

அந்த வால்நட்சத்திரம் இனித் திரும்பாதாம். மாமாவும் இல்லை. கணினி பழைய இரும்புக்குப் போயிற்று. அந்த மேட்டுச் சரிவில் ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் கட்டுப்பொல் மரம் வைத்துவிட்டார்கள். அது இலை கொட்டுவதில்லை. மாசியிலும் அங்கே வானம் திறப்பதில்லை.

இருந்தாலும் அடுப்படிக்குப் போனேன்.

"மகேஸ், புதுசா ஒண்ணு வந்திருக்காம். சாயந்தரம் டாங்கி மேட்டுக்குப் போவமா?"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பவே இல்லை.

"மொதல்ல பூமி இருக்கான்னு பாருங்க."