ஏழுமலை தெய்வக் குத்தத்தால் சாகவில்லை

சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்தபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தம்பி ஏழுமலை புளி மூட்டைகளோடு மலையிலிருந்து முதல் பஸ்ஸில் போளூருக்கு இறங்கியிருந்தான். மண்டி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டானாம். நாற்பத்து மூன்று வயது. ராணுவத்தில் பாராசூட் வீரனாக இருந்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது.

உடல் மலையேறி வருவதற்குள் ஊரில் ஒரு பேச்சு ஏறி வந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் நாட்டார், எனக்கு மாமா முறை, எங்கள் வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: "அன்னிக்குக் காப்பு கட்டின ஊர உட்டு எல்ல தாண்டினான். ஆத்தா மறக்கல. இப்ப எடுத்துக்கினா."

போளூரில் இருக்கும் அவனுடைய பட்டாளத்து நண்பர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள் அண்ணி என்றார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். மீதி எழுத்தெல்லாம் வீட்டில் நானாகக் கற்றது. ஆனால் நாளும் கிழமையும் தவறாமல் நோட்டில் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. அதை வைத்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் அவனைச் சீருடையில் பார்த்தவர்கள். அவன் அந்தச் சீருடைக்கு எப்படி வந்தான், அதை ஊர் இன்று எப்படிப் பேசுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

ஆடி மாதம் எங்கள் அம்மனுக்குக் காப்பு கட்டினால் பத்து நாள் திருவிழா. வீட்டுக்கு ஒரு ஆண் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொள்வார். அந்தப் பத்து நாளும் ஊரில் யாரும் எல்லை தாண்டி வெளியே தங்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடியில் என் வீட்டுக்காரர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்ததால் காப்பு ஏழுமலை கையில் இருந்தது. நாலாம் நாள் வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். முதல் நாளே போய்ச் சேர்ந்தால்தான் விடியற்காலை ஓட்டத்துக்கு நிற்க முடியும். அடுத்த வருஷம் அவனுக்கு வயது தாண்டிவிடும்.

பையைத் தோளில் மாட்டியவன் வாசலில் நின்றுவிட்டான். "வேணாம் அண்ணி. நான் போவல. காப்போட இன்னாத்துக்கு வம்பு."

"உனக்குப் போகணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

"போவணும்."

நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, கற்பூரம் காட்டி, அம்மனிடம் வாய்விட்டுச் சொன்னேன். இவன் பாரத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் தாயே, இவனை அனுப்பி வை என்று. அவன் கையில் இருந்த காப்பை அவிழ்த்து என் கையில் கட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் பெண்கள் காப்பு கட்டுவது கிடையாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் கோயிலில் நாட்டார் என் கையைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது, பொம்பள கையில காப்பு?"

"வூட்டுக்கு ஒரு காப்புன்னுதானே மாமா சொன்னீங்க. வூட்ல இப்ப நான்தான் இருக்கேன்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காக அவர் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. மீதி ஏழு நாளும் ஒருவேளை சாப்பாட்டோடு, எல்லைக் கல்லைத் தாண்டாமல், அவனுக்கான விரதத்தை நான் இருந்து முடித்தேன். ஏழுமலை ஓட்டத்தில் முதல் பத்துப் பேரில் வந்து தேர்வாகித் திரும்பினான்.

பட்டாளத்தில் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஜமுனாமரத்தூர் கடைப் போனுக்கு என்னை வரச்சொல்லிக் கூப்பிட்டான்.

"அண்ணி, ஏரோப்ளேன்ல இருந்து குதிக்க யார் வர்றீங்கன்னு கேட்டாங்க. கையத் தூக்கிட்டேன்."

"மரத்துல ஏறிட்டு எறங்கத் தெரியாம அழுதவன் நீ. உன்ன எறக்க உங்க அண்ணன் ஏணி கட்டினாரு."

"அதான் இப்ப ஏணி இல்லாம எறங்கக் கத்துக்கலாம்னு."

"நெஜத்தச் சொல்லு."

பிறகு சொன்னான்: "கேட்டப்போ எல்லாரும் தரையப் பாத்தாங்க. என்னையும் பாத்தாங்க. மலைக்காரன்தானே, இவன் எங்க வரப்போறான்ற மாதிரி. அது எனக்குப் புடிக்கல." அவன் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எல்லாம் தேட வேண்டாம். தன்னை இவ்வளவுதான் என்று பார்த்த கண்களுக்கு அவன் கொடுத்த பதில் அது.

ஆக்ராவில் பயிற்சி. முதல் குதியிலேயே கணுக்கால் உடைந்தது. ஊரில் கேட்க வேண்டுமா? "சொன்னோமே!" என்றார்கள். எதிரே வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பார்த்தார்கள், காப்பு இன்னும் அங்கே இருப்பது போல.

மாவுக்கட்டு பிரித்து விடுப்பில் வந்தவனிடம் நானே கேட்டேன். எனக்கும் உள்ளே பயம் இருந்தது, மறைக்கவில்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மனுக்கும் இதுக்கும் இன்னா அண்ணி சம்மந்தம்? இது நம்ம ஊரு காலு பண்ண வேல." மலைச் சரிவில் இறங்குகிறவர்கள் ஒரு காலை முன்னே விட்டு, மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்த காலை வைப்போம். நடக்கத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். பாராசூட்டில் அது ஆகாது. இரண்டு காலையும் ஒட்டவைத்து, முட்டியை லேசாக மடக்கி, தரையைப் பார்க்காமல் வந்து விழுந்து பக்கவாட்டில் உருள வேண்டும். இவன் தரையைப் பார்த்தான். பழக்கத்தில் ஒற்றைக் கால் முன்னே போனது. மொத்த எடையும் அதன் மேல் இறங்கியது. "கத்துக்குடுக்கற வாத்தியார் கேட்டாரு, நீ வானத்துலருந்து வர்றியா, இல்ல படிக்கட்டுல எறங்கி வர்றியான்னு."

அந்த விடுப்பு முழுவதும் காலை வேளையில் எங்கள் நிலத்தின் கல்வரப்பு மேல் ஏறி நிற்பான். நான் என் பழைய சேலைத் துணியைக் கிழித்து அவன் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டுவேன். கீழே சாமை வைக்கோலைப் பரப்பியிருப்போம். தூரத்து மரத்தைப் பார்த்தபடி குதிப்பான், உருளுவான், கட்டின காலோடு தத்தித் தத்தி வந்து மறுபடி ஏறுவான். களைக்குப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னாடி இது, பட்டாளத்துக்குப் போனவன் தவளையாத் திரும்பி வந்துக்கிறான்!" அவன் வைக்கோலைத் துப்பிக்கொண்டே, "ஆமாக்கா, மழ வரும், போயி வெதச்சுக்குங்க" என்பான். தரையைப் பார்த்தால் சொல்லு அண்ணி என்று என்னிடம் சொல்லியிருந்தான். ஒவ்வொரு முறையும் சொன்னேன். பார்த்தே, பார்த்தே, பார்த்தே. ஒருநாள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பிப் போய், தேறுவதற்கு வேண்டிய ஐந்து குதியும் முடித்து நெஞ்சில் அந்தச் சிறகுச் சின்னத்தைக் குத்திக்கொண்டான். அதற்குப் பிறகு எத்தனையோ குதி. ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தகவல் சொல்வான், நான் தேதியைக் குறித்துக்கொள்வேன். ஒரு எலும்பும் பிசகவில்லை. அவன் கால் உடைந்த அதே வருஷம் எங்கள் ஊரில் புளி உலுக்க ஏறி விழுந்தவர்கள் மூன்று பேர் என்றும் அதே நோட்டில் இருக்கிறது. அந்த மூவரும் எல்லை தாண்டாதவர்கள். அவர்கள் என்ன குத்தம் செய்தார்கள் என்று நாட்டாரிடம் கேட்டேன்.

இப்போது நாட்டார் சொல்லியனுப்பியிருப்பது இது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் நான் அம்மன் சன்னதியில் ஊர் முன்னால் நின்று, செய்தது தப்பு என்று சொல்லித் தரையில் விழ வேண்டும். இல்லாவிட்டால் காரியத்துக்கு ஊர் வராது. என் வீட்டுக்காரர் சோர்ந்துபோய், "ஒரு வார்த்ததானே, சொல்லிட்டா முடிஞ்சுபோவும்" என்றார். ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் அவன் ஆயுசு முழுவதும் செய்தது ஒரு குத்தம் என்று ஆகிவிடும். அவன் மனைவி செல்வி அழுகையை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்: "சோறு மிஞ்சினா மிஞ்சட்டும் அக்கா. நீங்க உழாதீங்க."

நான் அம்மனை நம்புகிறவள். வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அந்தத் தாய் ஒரு பிள்ளையின் மேல் இருபத்திரண்டு வருஷம் வன்மம் வைத்திருந்து, புளி விற்கப் போன இடத்தில் பழி வாங்குகிறவள் என்று சொல்கிறார்களே, அதுதான் தெய்வக் குத்தம். ஏழுமலைக்கு நெஞ்சு அடைத்தது. மலையில் வண்டியும் வைத்தியமும் பக்கத்தில் இருந்தால் முந்தின வாரமே அவன் சொன்ன வலியைப் பார்த்திருக்கலாம். ஊர் கூடிக் கேட்க வேண்டிய கேள்வி அது.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுண்டு. குதிக்கும் முன் ஏரோப்ளேன் கதவோரம் நிற்கும்போது பயமாக இருக்காதா என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கும் அண்ணி. இல்லன்னு சொல்றவன் பொய் சொல்றான். ஆனா பயந்துகினு முடிவு பண்ணக் கூடாது. முடிவு பண்ணிட்டு அப்புறம் பயந்துக்கலாம்." உங்களுக்கும் அவன் இதைச் சொல்லியிருப்பான்.

பதினாறாம் நாள் வருகிற வியாழக்கிழமை. நீங்கள் எல்லோரும் வாருங்கள். ஊர் வராவிட்டாலும் முழு ஊருக்கும் அரிசி ஊறப்போடப் போகிறேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, எப்போதும் போல் கோயிலுக்குப் போய் முன்வரிசையில் நிற்பேன். கும்பிடுவேன், விழ மாட்டேன். இதை எழுதும்போது பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். முடிவு பண்ணியாயிற்று.