சட்டிக்கரி

என் கொழுந்தன் பாண்டி கிணத்துக்குள்ள சாகக் கெடந்தது என்னாலதான். காத்துமில்ல, கருப்புமில்ல... நான்தான்!

சொல்லிட்டேன். மொதல்ல ஒன்கிட்டத்தான் சொல்றேன். எங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ற வரைக்கும் அவருகிட்டக்கூடச் சொல்லல. நீ யாரோ எவரோ... அதான் சொல்ல முடியுது.

வாடிப்பட்டிக்குப் பக்கத்துல எங்க தோட்டம். கரண்டு வராத காலம், டீசல் இன்ஜின்தான் தண்ணி எறைக்கும். மழை பொய்ச்சுப் பொய்ச்சுத் தண்ணி கீழ போகப் போக, கிணத்துக்குள்ள பாதி ஆழத்துல மேடை கட்டி இன்ஜினையும் எறக்கிப்புட்டாக. அது விடுற புகை உள்ளயே நின்னா ஆளைக் கொன்னுரும்ல? அதுக்காகச் சுவரை ஒட்டி மேல வரைக்கும் ஒரு இரும்புக் குழாய்.

அந்தக் குழாய் இன்ஜினோட சேர்ற எடம் இருக்கே... அதுதான் எமன் வாசல்! இன்ஜின் ஆடுற ஆட்டத்துல அது லூசாயிரும். மாசம் ஒருக்கா கரியைச் சொரண்டி, தீப்பிடிக்காத வெள்ளக் கயித்தை இறுக்கச் சுத்தி, கம்பி போட்டு முறுக்கணும். அடுத்த மாசத்துக்குள்ள அது நைஞ்சு உதிர்ந்துரும். சுவருக்கும் குழாய்க்கும் நடுவுல ஆம்பளைக் கை நுழையாது. என் கை நுழையும். அப்ப நான் ஒல்லி. சிரிக்காத, நெசமாத்தான்!

அதனால அது என் வேலையாப் போச்சு. "இன்ஜினுக்கு மூக்குத்தி மாட்டப் போறேன்"னு சொல்லிக்கிட்டே எறங்குவேன். பாண்டிக்குக் கிணத்தை எட்டிப் பாக்கவே பயம். "ஏம்ப்பா, ஒனக்குச் சேலை கட்டி விடவா?"ன்னு நாலு பேரு முன்னாடி கேலி பண்ணுவேன்.

ஒருநாள் எறங்கையில காலுக்கடியில படிக்கல்லு ஆடுச்சு. லேசாத்தான். ஆனா அன்னையிலருந்து அந்தப் படியில கால் வைக்க முடியல. பயமா இருக்குன்னு யாருகிட்டச் சொல்ல? பாண்டிகிட்டயா?

அடுத்த தடவை என்ன செஞ்சேன் தெரியுமா... சோத்துச் சட்டி அடியில இருந்த கரியை வழிச்சு மடியில முடிஞ்சுக்கிட்டேன். நாலு படி எறங்கி, மேல நிக்கிறவுகளுக்குத் தெரியாத மூலையில ஒக்காந்து, கையில மூஞ்சியில அப்பிக்கிட்டேன். வெள்ளக் கயித்தைச் சுருட்டுன சுருளோட தண்ணிக்குள்ள விட்டெறிஞ்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு மேல வந்து, "ஆச்சு!"ன்னேன்.

பாண்டி சிரிச்சான். "மதினி, கருப்பசாமி கணக்கா வாரீக!"

"ஒங்கண்ணன் வாய்க்கால்ல தண்ணிக்குக் காத்துக்கிட்டு நிக்காரு. நீ போய் இன்ஜினைக் கெளப்பு, பயந்தாங்கொள்ளி. தண்ணி வந்தாத்தான் நான் கை கழுவ முடியும்."

நான் கேலி பண்ணுவேன்னுதான் எறங்குனான் அவன். அதை நெனைச்சா இப்பவும்...

இன்ஜின் ஓடுச்சு. தண்ணி நல்லா ஏறுற வரைக்கும் கீழயே நின்னான். தொட்டியில வந்து விழவும் நான் கையை நீட்டுனேன். ஒரே வீச்சுல அம்புட்டுக் கரியும் ஓடிப்போச்சு. "பாண்டி, மேல வாப்பா!"ன்னேன். சத்தமில்ல. "என்னப்பா, உள்ள பொண்ணு பாக்குறியா?" அதுக்கும் சத்தமில்ல.

எட்டிப் பாத்தேன். மேடையில மடங்கிக் கெடந்தான். புகை அவனைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

நான் எறங்குனேனா? எறங்கல! படி ஆடுமேன்னு மேலயே நின்னு கத்துனேன். எங்க வீட்டுக்காரரு ஓடியாந்து, துண்டை நனைச்சு மூஞ்சியில கட்டிக்கிட்டு எறங்கி, இன்ஜினை நிப்பாட்டி, அவனைக் கயித்துல கட்டி விட்டாரு. நான் மேல இருந்து இழுத்தேன்.

கண்ணு முழிச்சவன் என் மூஞ்சியைப் பாக்கல. என் கையைப் பாத்தான்.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு கிணத்துல எறங்கிப் பாத்துட்டு, "நீ கட்டுன கயித்தைக் காணோமே"ன்னாரு. என் வாய் சும்மா இருந்துச்சா? "காத்து கருப்புதான் அவுத்திருக்கும்!" எங்க அத்தை அங்கனயே சேவல் நேந்துக்கிட்டாக.

பாண்டிக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு காளவாசல் பக்கம். கருப்பு அடிச்ச மாப்பிள்ளை வேணாம்னுட்டாக. அப்பறம் வந்த எடமும் அதேதான் சொல்லுச்சு. "கருப்பெல்லாம் இல்லத்தா, நான்தான் கயிறு கட்டல"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... நாக்கு எந்திரிக்கல. ஊரையே சிரிக்க வச்ச நாக்கு!

அவன் கல்யாணமே பண்ணிக்கிடல. அன்னையிலருந்து என் கைச் சோறுதான். அந்தப் புகையைக் குடிச்சதுலருந்து அவன் வெரலு நடுங்கும், சோறு பாதி சிந்தும்.

வருசா வருசம் கிணத்துக்குச் சேவல் அறுக்கோம். ஈரலை எனக்குத்தான் மொதல்ல வைப்பாக. கயித்தை இழுத்துக் காப்பாத்துனவளாம்! அந்தக் கிணத்துப் பேயே எலை முன்னாடி ஒக்காந்து தின்னுக்கிட்டு இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?

ஒரு வருசம் தின்னுட்டு எந்திரிச்சேன். பாண்டி செம்புல தண்ணி மொண்டாந்து என் கையில ஊத்துனான். ஊத்திக்கிட்டே மெல்லக் கேட்டான்.

"மதினி, அண்ணன் கையில எண்ணெப் பிசுக்கா ஒட்டுற இன்ஜின் கரி, சோப்புப் போட்டுத் தேச்சாலும் ரெண்டு மூணு நாளைக்கு நகத்துலயே நிக்கும். நான் எறங்கையில ஒங்க கை பூராக் கரி. கண்ணு முழிக்கையில பளிச்சுன்னு இருந்துச்சு. எப்படி அம்புட்டுச் சீக்கிரம் வெளுத்துச்சு?"

"ராசியான கைப்பா"ன்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான்.

அதுக்கப்பறம் கேக்கவே இல்ல. தெரிஞ்சுதான் கேட்டானா? தெரியாமக் கேட்டானா? இன்னொருக்கா கேட்டுத் தொலைச்சாக்கூடத் தேவலையே!

அன்னையிலருந்து தெனமும் நான் தின்னு முடிக்கவும், நடுங்குற கையால அவன்தான் தண்ணி ஊத்துறான். கழுவி முடிக்கிற வரைக்கும் என் வெரலையே பாத்துக்கிட்டு நிப்பான்.

சோறு தின்னு எச்சிக் கையோட ஒக்காந்திருக்கேன்... இந்தா, செம்புச் சத்தம் கேக்குது.