சாம்பல் நிறக் குஞ்சுகள்

லண்டன் ஹரோ தமிழ்ப் பள்ளியின் பட்டிமன்றத்தில் என்னை வீழ்த்தியவர் அன்று நடுவராக வந்திருந்த ஒரு மனிதர். கோடைதோறும் ஐஸ்லாந்துக்குப் போய்க் காட்டு அன்னங்களைக் கணக்கெடுப்பவர். ஒல்லியான உருவம், எவர் பேசினாலும் பெருவிரலால் விரற்கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.

“அன்னங்கள் பெருகிவிட்டன, ஐஸ்லாந்தின் இயற்கை செழிக்கிறது!” என்று நான் முழங்கியபோது அவர் இடைமறித்தார்.

“தம்பி, அதில சாம்பல் நிறக் குஞ்சு எத்தினை? வளர்ந்த வெள்ளை மட்டும் கூடினா, கூடு கட்ட இடமில்லாமல் கன அன்னம் குஞ்சு பொரிக்காமல் சும்மா நிக்குது எண்டுதான் அர்த்தம்.”

அரங்கம் சிரித்தது. கோப்பை எதிரணிக்குப் போயிற்று.

பழிதீர்க்கவே ஓராண்டு அன்னங்களைப் பற்றிப் படித்தேன். மறு ஆண்டு அதே அரங்கில் அவர் தாம் எடுத்த படமொன்றைத் திரையில் காட்டி, “இந்தக் குடும்பத்தில மூண்டு குஞ்சு” என்றார்.

நான் எழுந்தேன். “நான்கு, ஐயா! தாயின் சிறகுக்குப் பின்னே ஒரு தலை தெரிகிறது. எண்ணத் தெரியாத நீங்களா எனக்குத் தீர்ப்புச் சொன்னீர்கள்?”

 அவர் திரையருகே போய் உற்றுப் பார்த்தார்.

“ஓம், நாலுதான்!” அவர் முகம் மலர்ந்தது. “ஒரு குஞ்சு கூடுதலா இருக்கு! நல்ல கண் தம்பி உமக்கு.”

என் ஓராண்டு வன்மத்தை அவர் கவனிக்கவே இல்லை. அதற்காகவே அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.