கயிறு இழுத்தவன் பக்கம் சாய்ந்த துளை

குந்தாரப்பள்ளி ரஹமத்து பாய்க்குச் செய்து கொடுத்த கட்டில் மூன்றாம் நாளே ஆடியது. துளை போட்டது நான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கிருஷ்ணகிரியில் ஒரு மரப்பட்டறையில் வேலை. பாயின் சம்சாரம் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடந்தார். மற்றவர்கள் குனிந்து தூக்கும்போதெல்லாம் அவருக்கு உயிர் போகும் வலி. உயரமான கட்டில் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு மாடியில், படி குறுகல். கழற்றி மாட்டும் போல்ட் கட்டில்தான் மேலே ஏறும்.

அப்போது கரண்ட் டிரில் கிடையாது. கயிறு சுற்றி இழுத்துத் துளை போடும் தமர்தான். நான் தமரை நிறுத்திப் பிடிக்க, ஆனேக்கல் முனியப்பா எதிரே உட்கார்ந்து கயிறு இழுப்பான். இழுப்பவன் பக்கம் முனை சாயும். அதனால் பாதி ஆழத்தில் நிறுத்தி, கட்டில் காலைப் புரட்டி, மறுமுகத்திலிருந்து மீதியைப் போடுவது வழக்கம். அன்று கடைசிக் கால். காலையிலிருந்து குந்தியே இருந்ததில் முதுகு விட்டுப்போயிருந்தது. புரட்டவில்லை.

"அண்ணா, என் பக்கம் வருது பாரு" என்றான் முனியப்பா.

"நீ இழு. பாக்கறது என் வேலை."

துளை மறுமுகத்தில் அரை விரல் தள்ளி வெளியே வந்தது. முதலாளி வந்து பார்த்தார்.

"பழுக்கக் காச்சின கம்பிய உட்டுப் பெருசு பண்ணு. பெரிய வாஷரா போட்டு முறுக்கு. ஓட்டைய யாரு எட்டிப் பாக்கப் போறா? பாய் வண்டியோட நிக்கறாரு."

செய்தேன். நின்றது. வண்டி ஏறியது.

மூன்றாம் நாள் பாய் வந்தார். சத்தம் போடவில்லை.

"மேஸ்திரி, திரும்பிப் படுத்தா கட்டில் ஆடுது. ஆட்டம் இடுப்புல போய் குத்துதாம். கீழயே கெடக்கறேன்னு எறக்கச் சொல்லிட்டா."

நான் முதலாளியைக் கேட்கவில்லை. முனியப்பாவோடு போனேன். காலைக் கழற்றி, துளையை முள்ளுவேல மர ஆப்பால் வச்சிரப் பசை வைத்து அடைத்தேன். காய ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாளும் அந்த அம்மா தரையில்.

மறுநாள் பாதி போட்டு, புரட்டி, மீதி போட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முனியப்பாவைக் கேட்டேன்.

"இன்னிக்கு மட்டும் எதுக்கு என்னக் கேக்கற?" என்றான். தமரை மறுபடி நிறுத்திப் பிடித்தேன்.

அறையில் குறுக்கே துணி கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் அந்த அம்மா. கட்டிலை மாட்டி முடித்ததும் துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. கட்டில் காலைப் பிடித்து ஆட்டியது. ஆடவில்லை. கை நம்பவில்லை.

"மேஸ்திரி, நீங்க ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க." அந்த அம்மாவின் குரல்.

உட்கார்ந்தோம்.

"கோயில்ல உக்காந்த மாதிரி உக்காராதீங்க. பொரளுங்க."

புரண்டோம். முனியப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

"செரி. எறங்கி வெளிய போங்க."

பெண்கள் மூன்று பேர் அவரைத் தூக்கினார்கள். நாங்கள் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்துப் பாய் வந்தார்.

"தூங்கிட்டா."

அதற்குப் பிறகு நான் செய்த எந்தக் கட்டிலும், நான் ஏறிப் படுத்துப் புரளாமல் பட்டறையை விட்டுப் போனதில்லை. பார்ப்பவர்கள் வேலை நேரத்தில் தூங்குகிறான் என்றார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.